முக்கால் அங்குலப் பாம்பு

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. தீவு முழுக்க அவள் பூந்தொட்டி. ஊராட்சி மன்ற அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தோட்ட வேலை. வாசலில் இரண்டு வரிசைத் தொட்டிகள், கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டப் பாத்தி, பின்பக்கம் யாரும் பார்க்காத ஒரு வேலி. இவைதான் அவள் ராஜ்ஜியம். ஆள் குள்ளம், கொஞ்சம் பருமன். முகத்தை எப்போதும் பரம சாதுவாக வைத்துக்கொள்வாள். அந்த முகத்தை நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

ஒரு தடவை மன்றத் தலைவர் தன் அறைக்கு மூன்று பிளாஸ்டிக் செடிகள் வாங்கிப் போட்டார். வாங்கியதை அவரே மறந்தும் போனார். அலுவலகத்திலுள்ள எல்லாச் செடிக்கும் தினமும் தண்ணீர் விட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு இருந்ததால் பூந்தொட்டி அதற்கும் விட்டாள். எட்டு மாதம் விட்டாள்.

"ஏம்மா, இந்த மூணு மட்டும் எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?" என்றார் தலைவர் ஒருநாள்.

"நான் இதுங்ககிட்ட தினமும் நாலு வார்த்தை அன்பாப் பேசுறேன் ஐயா."

அதற்குப் பிறகு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தலைவர் பேசுவது வெளியே கேட்க ஆரம்பித்தது. யாருடன் பேசுகிறார் என்று குமாஸ்தாக்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். பூந்தொட்டி வாயே திறக்கவில்லை.

இப்படிப்பட்டவள் கையில்தான் தீவின் கிழக்குக் கரை வந்து சேர்ந்தது.

படகுத்துறையை நீட்டிக் கல் கொட்டியதிலிருந்து அந்தக் கரைக்குக் கேடுகாலம். தெற்கிலிருந்து அலையோடு நகர்ந்து வருகிற மணல் கல்லுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. இந்தப் பக்கம் கடல் எடுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு வரிசை வீடுகள் போயின. மூன்றாம் வரிசையில் இருந்த வீடுகள் ஓரடிகூட நகராமல் முதல் வரிசைக்கு வந்துவிட்டன. அதில் ஒன்று பூந்தொட்டியின் நாத்தனார் வீடு. நாத்தனார் தையல்காரி. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஆகட்டும் என்று மிஷினைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருந்தாள். அந்த ஜன்னல் வழியாகவே துணி துவைக்கும் கல் போனதையும், பப்பாளி மரம் சாய்ந்ததையும், பின்படியில் பாதி காணாமல் போனதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அடுத்தது நானும் மிஷினும்தான் அண்ணி," என்பாள். விளையாட்டாகச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் சொல்லும்போது தையல் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள்.

கடைசியில் ஒரு வழியாக மணல் அள்ளும் கப்பல் வந்தது. ஆழ்கடலில் உறிஞ்சிய மணலையும் தண்ணீரையும் ஒரு ராட்சதக் குழாய் வழியாகக் கரையில் நாற்பத்தொரு நாள் கக்கியது. ஊரே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கப்பல் கிளம்பிப் போனபோது வீடுகளுக்கும் அலைக்கும் நடுவே நூறு தப்படிக்குப் புது மணல் கிடந்தது. வேலையை மேற்பார்த்த பெண் பொறியாளரை எல்லாரும் மணல் மேடம் என்றார்கள். அளவுகோலை மணலில் ஊன்றிவிட்டு அவர் சொன்னார்:

"இது இங்கேயே இருக்கும்னு நினைச்சுடாதீங்க. காத்து ஒரு பக்கம் தூக்கும், அலை ஒரு பக்கம் இழுக்கும். பிடிச்சு வைக்கிறதுக்கு வேர் வேணும். செடி வைங்க. வச்ச செடிய ரெண்டு வருஷம் யாரும் மிதிக்காமப் பார்த்துக்குங்க. தானா மணல் சேர்ந்து மேடாகிடும்."

செடி என்றதும் தலைவர் பூந்தொட்டியைக் கை காட்டினார். துணைக்கு மூன்று பெண்களைக் கொடுத்தார்கள். முன்வரிசைக்கு ராவணன் மீசை. அது கடற்கரை மணலில் வளர்கிற முரட்டுப் புல். ஒவ்வோர் இலை நுனியும் ஊசி. பின்வரிசைக்கு மணலோடு படர்கிற அடம்பங்கொடி. நால்வரும் குனிந்த முதுகு நிமிராமல் ஆயிரத்து இருநூறு கன்று நட்டார்கள். சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். 'தயவுசெய்து மிதிக்காதீர்கள்' என்று பலகை வைத்தார்கள்.

ஒரே வாரத்தில் பலகை பந்தாட்டக்காரர்களுக்குக் கோல் கம்பமாகிவிட்டது. இன்னொரு பலகையைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் நான்கு பேர் சீட்டாடினார்கள். கயிற்றில் யாரோ ஈரத் துணி காயப் போட்டிருந்தார்கள். யாரென்று போய்ப் பார்த்தால் சொந்த நாத்தனார்.

"கட்டின கயிறு சும்மாதானே இருக்கு அண்ணி!"

இதெல்லாம்கூடப் போகட்டும். பெரிய தலைவலி குறுக்கு வழி. படகுத்துறைக்குப் போகிற சாலை பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைந்து போகும். மணலில் நேராக இறங்கினால் ஆறு நிமிஷம் மிச்சம். அந்த ஆறு நிமிஷத்தை வைத்துக்கொண்டு தீவில் யாரும் எதையும் சாதித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் மணலில்தான் இறங்கினார்கள். முடிதிருத்துகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை நடந்தார். பால்காரர் மோட்டார் சைக்கிளையே ஓட்டினார்.

மூன்று முறை மறுபடி நட்ட பிறகு பூந்தொட்டி தலைவரிடம் போய் முறையிட்டாள்.

"மக்கள் மனசுல மாற்றம் வரணும்மா," என்றார் தலைவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "நம்ம மக்கள் தங்கமானவங்க. மெதுவாத்தான் மாறுவாங்க."

மேஜைக்கு அடியில் நீட்டியிருந்த அவருடைய செருப்பில் நசுங்கிய அடம்பு இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் நாயை அவர் எந்த வழியாக நடத்திக்கொண்டு போகிறார் என்பது பூந்தொட்டிக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் காலை கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்துவிட்டு, அறுபதடி ரப்பர் குழாயை மணலோடு இழுத்துக்கொண்டு வந்தாள். குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினால், முடிதிருத்துகிறவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி கொக்குமாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் குழாய் போன தடம் வளைந்து வளைந்து போய் வீட்டு வரிசையோரப் புதரில் முடிந்தது.

"ஏம்மா, இது என்ன? பாம்பு போன மாதிரி இருக்கே?"

'குழாய்ங்க' என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அந்த ஒரு கணம் அவளுக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு விஷயம் தெரிந்த இரண்டொருவர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லையாம். வாய் தானாகப் பேசியதாம்.

"நான் எதுவும் சொல்லலைங்க. சொன்னா ஜனங்க பயந்துடும்."

அவர் தூக்கிய காலை முன்னால் வைக்கவே இல்லை. வந்த வழியே திரும்பி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சாலை வழியாகப் போனார். பூந்தொட்டி பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று பலகை, நானூறு அடிக் கயிறு, ஒரு தலைவர் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு குழாய் செய்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த புருஷனுக்குப் பரிமாறிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். அவர் படகு மெக்கானிக். எந்த இஞ்சினையும் சரிசெய்துவிடுவார். தன் வாய்க்கு மட்டும் பிரேக் பிடிக்கத் தெரியாது. அவர் காதில் ஒரு ரகசியம் விழுந்தால் அடுத்த படகு கிளம்புவதற்குள் அது டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டுவிடும்.

"ஏங்க, ஒண்ணு சொல்வேன். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"நான் என்னைக்கும்மா யார்கிட்ட சொல்லியிருக்கேன்?"

"கிழக்குக் கரையில செடி வச்ச இடத்துல ஒரு தடம் பார்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுச் செருப்பைத் தேடினார். சாயங்காலம் நாலு மணிக்கு நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்து அதே செய்தியைப் பூந்தொட்டிக்கே சொன்னாள். அதற்குள் பாம்புக்கு ஏழடி நீளம் வந்திருந்தது. நடு முதுகில் மஞ்சள் வரி. நிமிர்ந்து நின்றால் ஆள் இடுப்பு உயரம். பால்காரரின் மோட்டார் சைக்கிளை அது துரத்தியதை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர்.

"அப்படியா!" என்றாள் பூந்தொட்டி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் முதல் வேலை குழாய் இழுப்பது. போகப் போகக் கை பழகிவிட்டது. வளைவுகள் அழகாக விழுந்தன. சில நாள் பெரிய தடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டித் தடமும் போகும். அதற்கு வீட்டிலிருந்து பழைய மின்சார வயர் ஒன்று கொண்டு வந்திருந்தாள். தலைவரின் நாய் புது வழியில் நடக்கக் கற்றுக்கொண்டது. சீட்டாடியவர்கள் படகுத்துறைக் கூரைக்குக் கீழே போய்விட்டார்கள். பந்தாட்டம் வடக்குக் கோடிக்கு நகர்ந்தது. மிதிபடாத ராவணன் மீசை வேர் விட்டு, கணுவுக்குக் கணு மணலைப் பிடித்தது. அடம்பங்கொடி ஊதா நிறத்தில் பூத்தது. நாலாவது மாதத்தில் மணல் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது.

நடுவில் ஒரு விபத்து. முடிதிருத்துகிறவர் ஒருநாள் படகுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லாவற்றையும் மறந்து குறுக்கே ஓடினார். பாதி தூரத்தில் பாதத்தில் சுருக்கென்று ஏதோ இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் படகே புறப்படாமல் நின்றது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். டாக்டர் இடுக்கியால் ஒரு நக நீள முள்ளைப் பிடுங்கி எடுத்து, "புல்லுங்க. எழுந்து நடந்து வீட்டுக்குப் போங்க," என்றார்.

"டாக்டருக்குச் சின்ன வயசு. அவருக்கு என்ன தெரியும்?" என்று வெளியே வந்தார் முடிதிருத்துகிறவர். அந்த முள்ளை ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். முடி வெட்ட வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவார். "பல்லு!"

பூந்தொட்டி இதையெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாத்தனார் வீட்டு வாசல் வரைக்கும்தான் இருந்தது.

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள். உள்ளே நுழைந்தால் அடுப்பங்கரை மாதிரி வெக்கை. பகலில் பல்பு எரிந்தது. பின்பக்க ஜன்னலில் நாலு பலகையைக் குறுக்கே வைத்து ஆணி அடித்திருந்தார்கள். நாத்தனார் ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் மேஜைக்குக் கீழே ஓர் உலக்கை தயாராகக் கிடந்தது.

"ஏன் இப்படி அடைச்சு வச்சிருக்க?"

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில புதர் அண்ணி. எப்ப வேணா உள்ள வந்துடும். தையல் மிதியில கால் வைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுது."

"இந்தப் பக்கமெல்லாம் வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பூந்தொட்டி உலக்கையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வருகிற வழியில் யாரோ பாம்பைப் பற்றிப் புதுசாக ஒன்று சொன்னார்கள். அவள் கன்னத்தில் கை வைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் யோசித்துக்கொண்டே இருந்தாள். நாலாவது நாள் தலைவர் முந்திக்கொண்டார். அக்கரையிலிருந்து பாம்புபிடிக்காரர் ஒருவரை வரவழைத்துவிட்டார்.

காலைப் படகில் வந்து இறங்கினார் அவர். ஒல்லியான ஆசாமி, தோளில் ஒரு துணிப்பை, கையில் கொக்கிக் கம்பு. ஊரே சாலையில் கூடிவிட்டது. இடம் தெரிந்தவள் என்று பூந்தொட்டியை அவருக்கு வழிகாட்டியாக அனுப்பினார்கள். அவள் தயங்கித் தயங்கி நடந்தாள். தயக்கம் பாம்புக்காக என்று எல்லாரும் நினைத்துப் பரிதாபப்பட்டார்கள்.

மணல் மேட்டைத் தாண்டி, கடலைப் பார்த்துச் சரியும் இறக்கத்தில், சாலையிலிருந்து பார்த்தால் தலை தெரியாத இடத்துக்கு வந்ததும் பாம்புபிடிக்காரர் உட்கார்ந்து தடத்தை ஆராய்ந்தார். விரலை வைத்து அகலம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஏம்மா, இது முக்கால் அங்குலமா, ஒரு அங்குலமா?"

பூந்தொட்டிக்கு முகம் வெளிறிவிட்டது. கடல் ஒரு அலையை முழுசாகக் கொண்டுவந்து போட்டுத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போயிற்று.

"முக்கால்," என்றாள்.

"நினைச்சேன். எங்க வீட்டுலயும் அதேதான். நல்ல குழாய்."

அவர் எழுந்து கம்பை எடுத்துக்கொண்டார். இனி சாலைக்குப் போய் எல்லாரிடமும் சொல்லப்போகிறார் என்று பூந்தொட்டி கண்ணை மூடிக்கொண்டாள். மூடுமுன் அவருடைய துணிப்பை அவள் பார்வையில் பட்டது. பை நெளிந்தது.

கண்ணைத் திறந்தாள். "ஐயா, நீங்க இன்னும் எதையும் பிடிக்கல. உங்க பை ஏன் ஆடுது?"

இப்போது அவர் முகம் வெளிறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று சொல்ல முடியாது.

பைக்குள் இருந்தது ஒரு சாரைப்பாம்பு. விஷம் கிடையாது, வயசானது, தூங்குமூஞ்சி. இதுவரை பதினோரு ஊரில் பிடிபட்டிருக்கிறது. "பாம்பு இல்லைன்னு சொன்னா ஜனங்களுக்குக் கோவம் வருதும்மா. நல்லாத் தேடலைங்கறாங்க. ஒண்ணைத் தூக்கிக் காட்டிட்டா எல்லாரும் நிம்மதியாத் தூங்குறாங்க," என்றார் அவர். "இதுக்குத்தான் படகுப் பயணம் ஒத்துக்க மாட்டேங்குது."

பூந்தொட்டி செடியைக் காட்டினாள். மணல் ஏறியிருப்பதைக் காட்டினாள். நாத்தனார் வீட்டையும் காட்டினாள். "நீங்க பிடிச்சுட்டேன்னு சொன்னா நாளைக்குக் காலையில எல்லாரும் இறங்கி மிதிச்சுடுவாங்க. இன்னும் ஒண்ணரை வருஷம் வேணும்."

அவர் தாடையைச் சொறிந்தார். அரை மணி நேரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருவருமாகச் சத்தம் போட்டார்கள். "அதோ!" "விடாதீங்க!" "ஐயோ!" என்று. பூந்தொட்டிக்கு அந்த 'ஐயோ' மிக நன்றாக வந்தது. பிறகு அவர் மணல் அப்பிய உடம்போடு மேட்டில் ஏறி நின்று பாம்பைத் தூக்கிப் பிடித்தார். சாலையில் எழுந்த ஆரவாரத்தில் பாம்புகூட ஒரு கண்ணைத் திறந்தது.

"இது ஆண்!" என்று அறிவித்தார் பாம்புபிடிக்காரர். "பெண் உள்ளே முட்டையோட கிடக்கு. இப்பத் தொட்டா வெறி பிடிச்சுடும். ஒண்ணரை வருஷம் யாரும் அந்தப் பக்கமே போகாதீங்க."

அன்று மத்தியானமே பூந்தொட்டி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். பெண் பாம்பு வேறு மிச்சமிருக்கிறது என்றால் இவள் கதவையும் சேர்த்து ஆணி அடித்துவிடுவாள். உட்காராமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், வயர், பை வரைக்கும்.

நாத்தனார் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அளவெடுக்கும் டேப்பைத் தூக்கி எறிந்தாள்.

"நாலு மாசம்! நாலு மாசம் நான் இந்தச் சூளைக்குள்ள உட்கார்ந்து வெந்திருக்கேன்! உங்களுக்குச் சிரிப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றாள் பூந்தொட்டி. "இந்த ஜன்னலைப் பார்க்கிற வரைக்கும்."

"வெளிய போங்க."

பத்தொன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஜன்னல் பலகைகள் அன்றைக்கே கழன்றன. அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு, "பூண்டு கட்டியிருக்கேன், வராது," என்று நாத்தனார் சொன்னதாகத் தகவல் வந்தது. காட்டிக்கொடுக்கவில்லை என்று பூந்தொட்டிக்குக் கொஞ்சம் தெம்பு. இருபதாவது நாள் விடிகாலை அவள் குழாய் இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வால் பக்கம் உங்க காலடியும் சேர்ந்து விழுது. பார்க்கிறவன் என்ன முட்டாளா? இந்தப் பக்கம் வந்து நின்னு இழுங்க."

அதிலிருந்து செவ்வாய், வெள்ளி நாத்தனார் முறை. தையல்காரியின் வளைவு என்றால் வளைவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்தது. மூன்று பகல் கடல் ஆடியது. மூன்றாம் நாள் மதியம் மழை கொஞ்சம் விட்டபோது எல்லாரும் சாலையில் நின்று பார்த்தார்கள். பந்தாடிய வடக்குக் கோடியில் ஒரு பிடி மணல் இல்லை. கப்பல் கொட்டியதெல்லாம் போய்க் கறுப்புப் பாறை தெரிந்தது. செடி வைத்த இடத்தில் மேட்டின் முன்பக்கத்தைக் கடல் கத்தியால் வெட்டியமாதிரி வெட்டியிருந்தது. வெட்டிய சுவரில் ராவணன் மீசையின் வேர்கள் இடுப்பு உயரத்துக்குத் தொங்கின. ஆனால் மேடு நின்றது. மேட்டுக்குப் பின்னால் நாத்தனார் வீட்டு மிச்சப் படியில் தண்ணீரின் சுவடே இல்லை. பூந்தொட்டி அந்த வேர்களைப் பார்த்தபடி நின்றாள். நாத்தனார் வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

அளக்க வந்த மணல் மேடத்துக்கு நம்பவே முடியவில்லை. "எங்க போனாலும் ஜனங்க மிதிச்சே கொன்னுடுவாங்க. இங்க மட்டும் எப்படி?" என்றார்.

"மக்கள் மனசுல மாற்றம்," என்றார் தலைவர்.

தலைவர் போன பிறகு பூந்தொட்டி உண்மையைச் சொன்னாள். மேடம் சிரித்துச் சிரித்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பயத்தை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. ஆறு நிமிஷம் மிச்சமாகுதுன்னா மனுஷன் நடப்பான். நடக்கிறதுக்கு வழியைக் குடுத்துடுங்க. மேட்டுக்கு மேல கம்பம் நட்டு, பலகையில ஒரு நடைபாதை போட்டா யாரும் மணல்ல கால் வைக்க மாட்டாங்க."

நல்ல யோசனை. மன்றமும் ஒத்துக்கொண்டது. மரமும் வந்து இறங்கியது. தச்சர்கள் மட்டும் வரவில்லை.

"பெண் பாம்பு உள்ள இருக்கு. நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க," என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியில்லை. மன்றக் கூட்டத்தில் பூந்தொட்டி எழுந்து நின்றாள். ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாம்பே கிடையாது. நான்தான் குழாயை இழுத்துத் தடம் போட்டேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "பாவம், தச்சருங்க பயத்தைப் போக்கணும்னு என்னமா ஒரு கதை கட்டுது பாரு!"

"குழாய்க்குப் பல் இருக்குமா?" என்று முடிதிருத்துகிறவர் தீப்பெட்டியோடு எழுந்துவிட்டார். பால்காரர் தன்னைத் துரத்தியதை மறுபடி சொன்னார். இந்தத் தடவை மேட்டிலிருந்து படகுத்துறை வரைக்கும் துரத்தியது. தலைவர் கையமர்த்தினார். "பிடிச்ச பாம்பை நானே கண்ணால பார்த்தேன்மா. நல்ல மனசோட சொல்றே. ஆனா பொய் சொல்லக் கூடாது."

மெக்கானிக் புருஷன்தான் எல்லாரையும்விட உறுதியாக இருந்தார். "எங்க வீட்டுல அவ என்கிட்ட எதையும் மறைச்சதே கிடையாதுங்க. அப்படி ஒண்ணு இருந்திருந்தா முதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

மறு வாரம் பூந்தொட்டியே அக்கரைக்கு ஆள் அனுப்பினாள். பாம்புபிடிக்காரர் அதே பை, அதே கம்போடு வந்து இறங்கினார். மேட்டுக்குப் பின்னால் மறுபடியும் "அதோ!", "விடாதீங்க!", "ஐயோ!" இந்தத் தடவை நாத்தனாரும் சேர்ந்துகொண்டதால் சத்தம் இன்னும் எடுப்பாக இருந்தது. அரை மணி கழித்து அவர் மேட்டில் ஏறி அதே கிழட்டுச் சாரையைத் தூக்கிக் காட்டினார்.

"பெண்!"

"ஆமா, முகத்தைப் பார்த்தாலே தெரியுது," என்றார் பால்காரர். "ஆணைவிட இது கொஞ்சம் ஒல்லி."

"முட்டை?" என்றார் தச்சர்.

"பொரிஞ்சு எல்லாம் கடல் வழியாப் போயிடுச்சு," என்றார் பாம்புபிடிக்காரர், இமைக்காமல்.

பதினாறு நாளில் நடைபாதை எழுந்தது. மேட்டிலிருந்து இரண்டடி உயரத்தில், இருபக்கமும் கைப்பிடி வைத்து, வீட்டு வரிசையிலிருந்து படகுத்துறை வரைக்கும் நேராக. இப்போது ஆறு நிமிஷம் இல்லை, ஏழு நிமிஷம் மிச்சம். தலைவர் நாயோடு முதல் ஆளாக நடந்து திறந்துவைத்தார். அவர் ஆற்றிய உரையில் 'விழிப்புணர்வு' என்ற சொல் ஒன்பது தடவை வந்ததாகப் பூந்தொட்டி எண்ணிச் சொன்னாள். அன்றிலிருந்து மணலில் கால் வைக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. குழாய் தண்ணீர் விடுவதற்கு மட்டும் பயன்பட்டது. மேடு இப்போது மார்பு உயரம். கடல் முன்னால் கொஞ்சம் எடுத்தால் காற்று பின்னால் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கிறது.

அடுத்தது வடக்குக் கோடி. அங்கே மறுபடி மணல் கொட்டினார்கள். பந்தாட்டக்காரர்கள் பந்தோடு வந்துவிட்டார்கள். எல்லாம் வளர்ந்த ஆட்கள், பாதிப் பேருக்குத் தொப்பை. பூந்தொட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள். கை தானாகக் குழாயைத் தேடியது. வேண்டாம் என்று விட்டுவிட்டு, அவர்கள் கேப்டனைக் கூப்பிட்டாள்.

"சாலையோரமா உங்களுக்கு மைதானம் ஒதுக்கித் தர்றோம். கடல் பக்கத்து எல்லைக்கோடு நீங்களே செடியால போட்டுக்கணும். செடியைத் தாண்டிப் பந்து போனா எதிரணிக்கு ஒரு கோல்."

அவர் மற்றவர்களோடு கூடிப் பேசிவிட்டு வந்து, "சரிங்கக்கா," என்றார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருநூறு கன்று நட்டு முடித்துவிட்டார்கள். ஒரு கன்றுகூடச் சாகவில்லை. தங்கள் எல்லைக்கோட்டை அவர்கள் அவ்வளவு அக்கறையாகக் காத்தார்கள்.

பொய்யே சொல்லாமல் ஒரு காரியம் முடிந்ததில் பூந்தொட்டிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சாயங்காலம் நாத்தனார் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது ஒப்புக்கொண்டாள்: "என்னமோ, கொஞ்சம் சப்புனு இருந்துச்சு."